விடாய்த்திருந்தும் பின்தொடர்ந்தார்கள்: வேதாகமத்துப் போர்ச்சேவகரின் பாடுகள்

தாவீது கோலியாத்தைக் கொன்ற கதை தெரியாதவர்கள் குறைவு. ஆனால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் போர்க்களத்துக்கு எதற்குப் போனான் என்று கேட்டால் பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள். அவன் சாப்பாடு கொண்டுபோனான். தாவீதின் அப்பா, பெத்லகேமில் இருந்த ஈசாய். அவருடைய மூத்த பிள்ளைகள் மூன்று பேர் இஸ்ரவேலின் ராஜா சவுலின் பாளயத்தில் இருந்தார்கள்: எலியாப், அபினதாப், சம்மா. அவர்களுக்கு ஒரு எப்பா வறுத்த தானியமும் பத்து அப்பங்களும் கொடுத்தனுப்புகிறார் அப்பா. எப்பா என்பது ஏறக்குறைய 22 லிட்டர் பிடிக்கும் அளவு. கூடவே, பிள்ளைகள் சேவிக்கிற ஆயிரம்பேருக்கு அதிபதிக்கென்று தனியாகப் பத்துப் பால்கட்டிகள். பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு அவனுடைய அதிகாரியின் தயவை நம்பியிருக்கிற எந்த வீட்டுக்கும் அந்தப் பால்கட்டிகளின் அர்த்தம் புரியும்.

வழிக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு மாதிரி இதை நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து இஸ்ரவேலின் சேனையில் பெரும்பகுதி விவசாயிகள்தான். எக்காளம் ஊதினால், இருபது வயதுக்கு மேற்பட்டவன் ஏரை அப்படியே விட்டுவிட்டு வரவேண்டும். வந்தவனுக்குச் சாப்பாடு அவன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். இல்லாவிட்டால் வழியில் இருக்கிற ஊர் போடவேண்டும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிபியா யுத்தத்துக்குக் கிளம்பும்போது, நூறு பேருக்குப் பத்துப் பேர், ஆயிரம் பேருக்கு நூறு பேர் என்று சாப்பாடு சேகரிக்கவே தனியாக ஆள் ஒதுக்குகிறார்கள். சேனையில் பத்தில் ஒருவன் சண்டைக்கு இல்லை, சாப்பாட்டுக்கு. கோலியாத் காலையும் மாலையுமாக நாற்பது நாள் வந்து நின்று சவால் விட்டான் என்று படிக்கும்போது, அந்த நாற்பது நாளும் ஏலா பள்ளத்தாக்குக்கு எத்தனை வீடுகளிலிருந்து மூட்டைகள் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த மூட்டைகளுக்கு ஓர் அருமையான சொல் இருக்கிறது: ரஸ்து. தாவீது பாளயத்துக்கு வந்ததும் தான் கொண்டுவந்த ரஸ்துக்களை, ரஸ்துக்களைக் காக்கிறவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அணிவகுப்பைப் பார்க்க ஓடுகிறான். இந்தச் சொல் பிறகு இன்னொரு இடத்திலும் வரும்.

சாப்பாடு இப்படி என்றால் ஆயுதம் இன்னும் மோசம். சாமுவேலின் முதல் புத்தகம் 13-ஆம் அதிகாரம், இஸ்ரவேல் தேசம் எங்கும் ஒரு கொல்லன்கூட இல்லை என்கிறது. எபிரெயர்கள் வாளும் ஈட்டியும் செய்துவிடக் கூடாது என்று பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள். கொழுவையும் கோடரியையும் தீட்டுவதற்குக்கூட எதிரியின் ஊருக்குத்தான் போகவேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்கவேண்டும். அந்த வசனத்தில் 'பிம்' என்று ஓர் எபிரெயச் சொல் வருகிறது. வேதாகமத்தில் வேறெங்கும் வராத சொல் என்பதால் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'அரம்' என்று ஊகித்து எழுதினார்கள். பிறகு அகழாய்வுகளில் அதே எழுத்துகள் பொறித்த சிறு எடைக்கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழரை கிராமுக்குச் சற்று மேல், அதாவது மூன்றில் இரண்டு சேக்கல். அப்புறம்தான் விஷயம் புரிந்தது: அது தீட்டுகூலியின் விலை. யுத்த நாளில் வாளும் ஈட்டியும் சவுலிடமும் அவர் மகன் யோனத்தானிடமும் மட்டும்தான் இருந்தன. மற்றவர்கள் கோடரியும் தாற்றுக்கோலுமாகத்தான் நின்றிருப்பார்கள்.

யாரைப் போருக்கு அழைக்கலாம், யாரை அழைக்கக் கூடாது என்று உபாகமம் 20-ஆம் அதிகாரம் ஒரு விதி வைக்கிறது. புது வீடு கட்டி இன்னும் குடிபுகாதவன் திரும்பிப் போகலாம். திராட்சத்தோட்டம் வைத்து முதல் பலனைச் சாப்பிடாதவன் போகலாம். பெண் நிச்சயமாகி இன்னும் கல்யாணம் முடியாதவன் போகலாம். கடைசியாக, பயப்படுகிறவனும் போகலாம். முதல் மூன்றுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றே: அவன் செத்துப்போனால் வேறொருவன் அந்த வீட்டில் குடியிருப்பான், அந்தப் பழத்தைத் தின்பான், அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வான். ஒரு வாலிபனின் சாவு என்றால் என்ன என்பதை எதிரிகளின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லாமல், அவன் பாதியில் விட்டுவிட்டுப் போகும் வீட்டையும் தோட்டத்தையும் வைத்துச் சொல்கிற சட்டம் இது. புதிதாகக் கல்யாணம் ஆனவனுக்கு முழுதாக ஒரு வருஷம் விலக்கு உண்டு. பயந்தவனை ஏன் அனுப்ப வேண்டும்? அவன் பயம் மற்றவர்களுக்கும் தொற்றும் என்பதற்காக. மீதியானியருக்கு எதிராகப் படை திரட்டிய கிதியோன் இதை அப்படியே செய்து பார்த்தார். பயப்படுகிறவர்கள் போகலாம் என்றதும் 32,000 பேரில் 22,000 பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்த பதினாயிரத்திலிருந்து தேர்ந்தெடுத்த முந்நூறு பேரைப் பற்றித்தான் பிரசங்கங்களில் கேட்டிருப்போம். பானையை உடைத்து, தீவட்டியைப் பிடித்து, எக்காளம் ஊதி ஜெயித்த அந்த இரவோடு கதை நின்றுவிடும். அடுத்த அதிகாரத்தில் அதே முந்நூறு பேர் யோர்தானைக் கடக்கிறார்கள், "விடாய்த்திருந்தும்" பின்தொடர்கிறார்கள். விடாய் என்றால் களைப்பு, தாகம், இரண்டும்தான். சுக்கோத் ஊராரிடம் கிதியோன் கேட்டது அப்பம் மட்டுமே. ஊர்த் தலைவர்கள் கொடுக்கவில்லை. மீதியான் ராஜாக்களை நீ இன்னும் பிடிக்கவில்லையே, அதற்குள் உன் சேனைக்கு நாங்கள் ஏன் அப்பம் கொடுக்கவேண்டும் என்று கேட்டார்கள். பெனூவேலிலும் அதே பதில். யார் ஜெயிப்பார்கள் என்று தெரிகிற வரைக்கும், பசியோடு வருகிற படைக்கு உதவி செய்வது அந்த ஊர்களுக்கு ஆபத்து. நாளைக்கு மீதியானியர் திரும்பி வந்தால் பழி தீர்ப்பார்கள். சரி, அவர்கள் கணக்கு அவர்களுக்கு. கிதியோன் ஜெயித்துத் திரும்பியபோது சுக்கோத்தின் மூப்பரை முள்ளால் தண்டித்தார். பெனூவேலின் கோபுரத்தை இடித்து, அந்த ஊர் மனிதரைக் கொன்றுபோட்டார். பசித்த படை ஊருக்கு என்ன செய்யும் என்பதையும் அதே அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது.

எதிரியும் அந்நியரும் பட்டினி போட்டால் பரவாயில்லை. சவுல் தன் சொந்தப் படையைப் பட்டினி போட்டார். மிக்மாசில் தொடங்கி ஆயலோன் வரை பெலிஸ்தரைத் துரத்திய நாளில், சாயங்காலம் வரைக்கும் எவன் சாப்பிட்டாலும் அவன் சபிக்கப்பட்டவன் என்று ஆணையிட்டுவிட்டார். காட்டில் தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆணைக்குப் பயந்து ஒருவனும் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அந்த ஆணையைக் கேட்டிராத யோனத்தான் கோலின் நுனியால் தேனைத் தொட்டுச் சாப்பிட்டான், கண் தெளிந்தது. விஷயம் தெரிந்ததும், என் தகப்பன் தேசத்தைக் கலக்கப்படுத்திவிட்டார் என்றான். பொழுது சாய்ந்து ஆணை முடிந்ததும் என்ன ஆயிற்று? பசி தாங்காத வீரர்கள் கொள்ளையில் கிடைத்த ஆடுமாடுகளைத் தரையிலே அடித்து இரத்தத்தோடே தின்றார்கள். இரத்தம் புசிக்கக் கூடாது என்பது அவர்கள் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த கட்டளை. ஒருநாள் பட்டினி அதை மறக்க வைத்தது. அதற்கும் சவுல் அவர்களைத்தான் துரோகம் பண்ணினீர்கள் என்றார். பிறகு தேன் தின்றதற்காக மகனையே கொல்லப் போனபோது, குறுக்கே நின்று அவனைத் தப்புவித்தவர்கள் இதே பசித்த ஜனங்கள்தான்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த போர்க்காட்சியில் போர் ஒரு வசனத்தில் முடிந்துவிடும். சாமுவேலின் முதல் புத்தகம் 30-ஆம் அதிகாரம். சவுலுக்குப் பயந்து பெலிஸ்தரிடம் அடைக்கலம் புகுந்திருந்த தாவீதும் அவரோடிருந்த 600 பேரும், பெலிஸ்தரின் சேனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாம் நாள் தங்கள் ஊரான சிக்லாகுக்கு வந்து சேர்கிறார்கள். ஊர் சாம்பலாகிக் கிடக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகளை அமலேக்கியர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அழுவதற்குப் பெலனில்லாமல் போகும் வரைக்கும் அழுதார்கள் என்று எழுதியிருக்கிறது. பிறகு அந்தத் துக்கம் கோபமாக மாறி, தாவீதைக் கல்லெறிய வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று நாள் நடந்து வந்தவர்கள் உடனே மறுபடியும் நடக்கவேண்டும். பேசோர் ஆற்றங்கரையில் 200 பேருக்குக் கால் எழவில்லை. அவர்கள் அங்கேயே மூட்டைகளோடு தங்கிவிட்டார்கள்.

மற்ற 400 பேரும் போகும் வழியில், வெளியில் கிடந்த ஓர் எகிப்திய வாலிபனைக் கண்டார்கள். மூன்று நாள் இராப்பகலாக அவன் ஒன்றும் சாப்பிடவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. அமலேக்கியன் ஒருவனுடைய வேலைக்காரன். வியாதிப்பட்டதால் எஜமான் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டான். படை நகரும்போது நடக்க முடியாதவனுக்கு நடப்பது இதுதான். அவனுக்கு அப்பம், தண்ணீர், அத்திப்பழ அடையில் ஒரு துண்டு, இரண்டு வற்றலான திராட்சக் குலைகள் கொடுத்தார்கள். உயிர் திரும்பியது, அவனே வழியும் காட்டினான். பிடிபட்டவர்கள் எல்லாரும் மீட்கப்பட்டார்கள்.

திரும்பும்போதுதான் பிரச்சினை. ஆற்றங்கரையில் தங்கிவிட்டவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது, பெண்டாட்டி பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று சிலர் வாதாடினார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கு எவ்வளவோ, ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும் அவ்வளவு என்றார். அது அன்றுமுதல் இஸ்ரவேலில் பிரமாணமாகிவிட்டது. களைத்து விழுந்தவன் கோழை இல்லை என்பதைச் சட்டமாக எழுதியது, தானே அலைந்து திரிந்து களைத்த ஒரு மனிதன். தாவீது ராஜாவாகும் முன்பு நடந்தது இது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

இருநூறு, முந்நூறு வருஷங்கள் கழித்து யுத்தத்தின் முகமே மாறிவிட்டது. வெளியில் போய்ச் சண்டை போடுகிற விவசாயியின் இடத்தில், அலங்கத்தின், அதாவது கோட்டை மதிலின் மேல் உட்கார்ந்து முற்றுகையைக் காக்கிற வீரன் வந்துவிட்டான். கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப்பின் தளபதி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று சத்தமாகப் பேசுகிறான். எசேக்கியா ராஜாவின் அதிகாரிகள் அவனிடம் கெஞ்சுகிறார்கள்: சீரிய பாஷையில் பேசும், எங்களுக்குப் புரியும், அலங்கத்தில் இருக்கிறவர்கள் கேட்கும்படி யூத பாஷையில் பேசவேண்டாம். ரப்சாக்கே விடவில்லை. இந்த அலங்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் பேசவும்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்கிறான். முற்றுகை நீண்டால் தங்கள் சொந்த மலத்தைத் தின்று மூத்திரத்தைக் குடிக்கப்போகிறவர்கள் இவர்கள்தானே என்கிறான். கொடூரமான பேச்சு, மிரட்டல் பேச்சு. ஆனால் அது பொய்யான பயமுறுத்தல் இல்லை. சமாரியாவின் முற்றுகையில் ஒரு கழுதைத்தலை எண்பது வெள்ளிக்காசுக்கு விற்றதை அதே ராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. தலைவர்கள் மறைக்க நினைத்த நிலவரத்தை, மதில் மேல் இருந்தவன் எதிரியின் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மதில் மேல் இருந்தவர்களின் சொந்தக் குரலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1935-ல் யூதாவின் லாகீஸ் கோட்டை வாசலின் அறையில், எரிந்த சாம்பலுக்கு நடுவே, மையால் எழுதிய 18 பானை ஓடுகள் கிடைத்தன. பாபிலோனியர் யூதாவை அழிக்க வந்த கடைசிக் காலத்தில் போன கடிதங்கள். ஓசாயா என்ற ஒரு காவல் அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு கடிதத்தில், எனக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்லலாம் என்று குமுறுகிறான். கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு சொல்கிறேன், எனக்கு யாரும் ஒருநாளும் கடிதம் வாசித்துக் காட்டியதில்லை என்கிறான். ஊர் அழியப்போகிற நேரத்திலும் மேலதிகாரி போட்ட ஒரு வார்த்தை அவன் நெஞ்சில் தைத்திருக்கிறது. இன்னொரு ஓட்டில், லாகீசின் தீ அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காணமுடியவில்லை என்று வருகிறது. எரேமியா 34-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், யூதாவின் அரணான பட்டணங்களில் மிச்சம் இருந்தவை லாகீசும் அசெக்காவும்தான் என்று இருக்கிறது. இருட்டில் ஒரு நெருப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றவனின் கண்கள் அந்த ஓட்டில் இருக்கின்றன. வேறொரு கடிதம், அதிகாரிகளின் வார்த்தைகள் கைகளைத் தளரப்பண்ணுகின்றன என்று முறையிடுகிறது. எருசலேமில் அதே காலத்தில் பிரபுக்கள் எரேமியாவின் மேல் சாட்டிய குற்றமும் அதுதான்: நகரத்தில் மிச்சம் இருக்கிற யுத்தமனுஷரின் கைகளை இவன் தளரப்பண்ணுகிறான். கைகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. அதற்கு யாரைப் பழிசொல்வது என்பதில்தான் சண்டை.

தெற்கே ஆராத் கோட்டையில் கிடைத்த ஓடுகளில் குமுறல் குறைவு, கணக்கு அதிகம். கித்தீமுக்கு மூன்று பாத் (ஒரு முகத்தலளவு) திராட்சரசம் கொடு, தேதியை எழுதிவை என்று எலியாசிப் என்ற அதிகாரிக்கு உத்தரவு வருகிறது. கித்தீம் என்பது அநேகமாகக் கடல் கடந்து வந்த கூலிப்படையினர்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் படை ரோமர்களின் கையில். யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்கிறார் யோவான். மிரட்டிப் பணம் பறிக்கிற பழக்கம் இருந்ததால்தான் இந்தப் பதில். ஜனங்களுக்கு அவர்கள் செய்த கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். கி.பி. 14-ல் பன்னோனியாவில் ரோமப் படை கலகம் செய்தபோது வைத்த முறையீடு இது: நாளுக்குப் பத்து அஸ் என்ற சில்லறைக்காசு கூலி, அதிலேயே துணி, ஆயுதம், கூடாரம் எல்லாவற்றுக்கும் பிடித்தம், கடுமையான வேலையிலிருந்து தப்ப நூற்றுக்கு அதிபதிக்கு லஞ்சம். பதினாறு அஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியம் என்ற வெள்ளிக்காசு. இயேசு சொன்ன உவமையில் திராட்சத்தோட்டத்துக் கூலியாளுக்கு ஒருநாள் கூலியே ஒரு தெனாரியம். நம் வேதாகமம் அதைப் 'பணம்' என்று எழுதும்.

யூதேயாவிலேயே ஒரு சம்பளக் கணக்கு கிடைத்திருக்கிறது. மசாதா கோட்டையில் கண்டெடுத்த ஒரு பாபிரஸ் துண்டு, கி.பி. 70-களைச் சேர்ந்தது. சேவகரின் பேர் காயுஸ் மெசியுஸ், பெய்ரூட்காரர். ஒரு தவணைச் சம்பளம் 50 தெனாரியம். பிடித்தம்: வாற்கோதுமைக்கு 16, சாப்பாட்டுக்கு 20, காலணிக்கு 5, தோல்வாருக்கு 2, லினன் சட்டைக்கு 7. கூட்டினால் 50 வருகிறது. அந்தத் தவணையில் அவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

யோவான் சொன்ன 'சம்பளம்' கிரேக்கத்தில் ஓப்சோனியோன். அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் மீன், காய் போன்றவற்றுக்கு ஓப்சோன் என்று பெயர். அதை வாங்கக் கொடுக்கிற காசு ஓப்சோனியோன். நம் சம்பளம் என்ற சொல்லையும் சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. எவன் தன் சொந்தச் செலவில் தண்டிலே சேவகம்பண்ணுவான் என்று கொரிந்தியருக்குப் பவுல் கேட்கும்போதும் இதே சொல்தான். சுவர்களில் பெரிய எழுத்தில் பார்க்கிறோமே, 'பாவத்தின் சம்பளம் மரணம்', அங்கேயும் இதே பட்டாளச் சொல்தான். ரோமாபுரியில் அந்த நிருபத்தை வாசிக்கக் கேட்டவர்களுக்குச் சேவகனின் கூலி ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

காவல் வேலை இன்னும் கொடியது. சிறையில் இருந்த பேதுருவைக் காக்க நான்கு வகுப்பாகப் பதினாறு சேவகர் இருந்தார்கள். பேதுரு தேவதூதனால் விடுவிக்கப்பட்ட சந்தோஷத்தில் அடுத்த வசனங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். விடிந்ததும் ஏரோது காவலரை விசாரித்து, அவர்களைக் கொன்றுபோடச் சொன்னான். இதைத் தெரிந்துகொண்டால்தான், பவுல் போன கப்பல் உடைந்தபோது சேவகர்கள் ஏன் கைதிகளைக் கொல்ல யோசித்தார்கள் என்பது புரியும். பதினான்கு நாள் புயலில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர்கள் அவர்களும்தான். ஒரு கைதி நீந்தித் தப்பினால் அவன் இடத்தில் தங்கள் உயிர் போகும் என்ற பயம். நூற்றுக்கு அதிபதி யூலியு தடுத்ததால் 276 பேரும் கரை சேர்ந்தார்கள்.

உரியாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஏத்தியன், அந்நிய வம்சத்தான், ஆனால் தாவீதின் படையில் பேர்பெற்றவன். ரப்பாவை, அதாவது இன்றைய அம்மானை, யோவாப் முற்றுகையிட்டிருந்த காலம். உரியாவின் மனைவி பத்சேபாளிடத்தில் தான் செய்த பாவத்தை மறைக்க தாவீது அவனைக் களத்திலிருந்து வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறார். உரியா அரமனை வாசலில் வேலைக்காரரோடு படுத்துக்கொண்டான். உடன்படிக்கைப் பெட்டியும் இஸ்ரவேலும் யூதாவும் கூடாரத்தில் இருக்க, என் தலைவன் யோவாபும் மற்றவர்களும் வெட்டவெளியில் கிடக்க, நான் மட்டும் போய்ச் சாப்பிட்டுக் குடித்து மனைவியோடு படுப்பேனா என்றான். மறுநாள் வெறிக்கக் குடிக்கவைத்தும் அவன் போகவில்லை. தன் சாவுக்கான கடிதத்தைத் தானே யோவாபிடம் கொண்டுபோனான். மதிலுக்குப் பக்கத்தில், பலசாலிகள் இருந்த இடத்தில் நிறுத்தப்பட்டான். அன்றைக்கு அவனோடு வேறு சிலரும் செத்தார்கள். அவர்கள் பேர் எங்கும் இல்லை. ஒரு மனிதனின் கொலையைப் போர்ச்சாவு மாதிரிக் காட்டுவதற்காக மட்டும் செத்தவர்கள் அவர்கள். செய்தி வந்தபோது, பட்டயம் ஒருவேளை ஒருவனையும் ஒருவேளை வேறொருவனையும் பட்சிக்கும் என்று யோவாபுக்குச் சொல்லியனுப்பினார் தாவீது.

இதே தாவீதுதான் பேசோர் ஆற்றங்கரையில் பங்கு பிரித்தவர். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 23-ஆம் அதிகாரத்தில், ஒளிந்திருந்த காலத்தில், பெத்லகேம் வாசலின் கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று ஆசையாகச் சொல்லிவிடுகிறார். மூன்று பேர் பெலிஸ்தரின் பாளயத்துக்குள் புகுந்து மொண்டு வருகிறார்கள். அவர் குடிக்கவில்லை. தங்கள் உயிரைப் பொருட்டாக எண்ணாமல் போன மனிதரின் இரத்தம் அல்லவா இது என்று கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டார். அதற்குப் பிறகு அந்த அதிகாரம் முழுக்கப் பராக்கிரமசாலிகளின் பேர்ப்பட்டியல். ஊர், தகப்பன் பேர் என்று வரிசையாகப் போகிறது. எழுதியவர் யாரோ, பட்டியலை முடிக்க ஒரு பேரை வைத்திருக்கிறார். ஏத்தியனாகிய உரியா, ஆக முப்பத்தேழு பேர்.